அவளிட்டைக் கேட்டனீங்களோ, ரீச்சர்?

இன்று காலை தபாற்காரர் படலையடியில் சைக்கிளை நிறுத்தி, மணியை இரண்டு தரம் அடித்து, "ரீச்சர், உங்கடை வெளிநாட்டுப் புத்தகம் வந்திருக்கு" என்று ஒரு தடித்த உறையை நீட்டினார். கிழித்ததும் வழவழப்பான தாளின் மை மணம் எழுந்தது. ஓலைத்தொடுவாயில் கருவாடு காயப்போடுகிற வாடிகளுக்குப் பக்கத்தில் வாழ்கிற எனக்கு எந்த மணமும் சீக்கிரம் பழகிவிடும். இந்த மணம் மட்டும் இத்தனை வருடமாகியும் பழகவில்லை. இது வந்தால் உள்ளே ஜெசிந்தா இருப்பாள்.

இருந்தாள், பதினோராம் பக்கத்தில். நீலப் பூப்போட்ட சட்டை, இடுப்பில் மூன்று வயது மகள், பின்னால் கடல். கீழே ஆங்கிலத்தில் அதே வரி: போரில் கணவனை இழந்த விதவை, உங்கள் கொடையால் இன்று தலைநிமிர்ந்து நிற்கிறார். இடுப்பில் இருக்கிற அந்தப் பிள்ளை உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள். தாயை விட அரைச் சாண் உயரம். படத்தில் மட்டும் அவள் வளரவே மாட்டாள் போலிருக்கிறது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல இந்த வீட்டில் ஆளில்லை. அதனால் உமக்கு எழுதுகிறேன். நீர் இருந்தால், தாராபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, செருப்பைக் கழற்ற முதலே, "எங்கை, காட்டுங்கோ பாப்பம்" என்று கேட்டிருப்பீர்.

நாங்கள் சந்தித்ததும் பஸ்ஸில்தான். மீள்குடியேற்றம் தொடங்கி ஒரு வருடம் இருக்கும். நான் ஓய்வு பெற்றுச் சும்மா இருந்த காலம். நீர் ஊரைவிட்டு விரட்டப்பட்டு, புத்தளத்து அகதி முகாமில் இருபது வருடம் இருந்துவிட்டு, தாராபுரத்தில் கூரையில்லாத உம்முடைய வாப்பாவின் வீட்டுக்குத் தகரம் போட்டுக்கொண்டிருந்தீர். ஒரு வாரப் பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்றீர். "என்ன எழுதுவீர்?" என்று கேட்டேன். "ஆரும் கேக்காததைக் கேட்டு எழுதுவன் ரீச்சர்" என்றீர். பெரிய பேச்சாக இருக்கிறதே என்று அன்று நினைத்தேன்.

பிறகுதான் நீர் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தேன். வாடிக்கு வந்தால் முதலில் கொப்பியை எடுக்க மாட்டீர். மீன் வெட்டுகிற பெண்களோடு மணலில் குந்தியிருந்து ஒரு கத்தியை வாங்கி நீரும் கட்டா மீனைக் கீறுவீர், கோணலாக. முதல் நாள் அங்கே இருந்த ஒரு வயதான மனுசி உம்மைப் பார்த்து, "பேப்பர்க்காரி வந்திட்டா. நாங்கள் நாறுறம் எண்டு எழுதப்போறா" என்றாள். நீர் நிமிராமலே, "எழுதமாட்டன் அக்கா, என்ரை பையுக்குள்ளை ரெண்டு கருவாடு போட்டுவிட்டால்" என்றீர். வாடி முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகுதான் கொப்பி வெளியே வந்தது. வந்ததும் எல்லாரிடமும் ஒரே கேள்வி: "உங்களுக்கு என்ன வேணும்?"

"என்ன இல்லை எண்டு கேட்டால் சனம் அழும் ரீச்சர். என்ன வேணும் எண்டு கேட்டால் யோசிக்கும்" என்று ஒருமுறை எனக்கு விளக்கம் சொன்னீர். நான் முப்பத்தைந்து வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள். கேள்வியை மாற்றினால் பதில் மாறும் என்று வகுப்பில் தினமும் கண்டவள். இருந்தும் அது பெண்களின் வாழ்க்கையில் எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஜெசிந்தா உமக்கு இரண்டு பதில் சொன்னாள். ஒன்று, மழைக்கும் நாய்க்கும் மணலுக்கும் தப்பி மீன் காயப்போட ஒரு மேடை. மற்றது, அவளுடைய மனுசன் எங்கே என்று அவளுக்காக யாராவது ஒரு பெரிய ஆளிடம் கேட்க வேண்டும். மரியதாஸ் வன்னியில், போரின் கடைசி மாதங்களில், மாவு வாங்கி வருகிறேன் என்று பையோடு போனவர். திரும்பவில்லை. செத்ததைக் கண்டவரும் இல்லை. காணாமற்போனவர்களைப் பற்றி விசாரணை என்று எங்கே கூட்டம் நடந்தாலும் அவள் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் போய்விடுவாள். நீர் இரண்டு பதிலையும் எழுதினீர். இரண்டாவதைத்தான் முதலில் எழுதினீர்.

அந்தக் கட்டுரையை யாரோ ஆங்கிலத்தில் ஆக்கி, அது எங்கெங்கோ போய், உலகத்தில் ஒடுக்கப்பட்ட பெண்களைப் பற்றி மாதாமாதம் எழுதுகிற ஒரு வெளிநாட்டு இதழிலிருந்து ஒரு செய்தியாளர் வந்தார். உயரமான, வெயிலில் முகம் சிவந்த பெண். கூடவே படம் எடுக்கிறவர். நீர் வழிகாட்டி, நான் மொழிபெயர்ப்பு. நல்ல மனிதர் அவர். ஜெசிந்தா கதை சொல்லும்போது மெய்யாகவே அழுதார். ஆனால் அவர் கேட்டதெல்லாம் என்ன இல்லை என்றுதான். படம் எடுக்கிறவர் ஜெசிந்தாவைச் சிரிக்க வேண்டாம் என்று கையால் காட்டினார். அவள் என்னைப் பார்த்து, "ஏன் ரீச்சர், பல்லைக் காட்டினால் உதவி வராதாமோ?" என்றாள். பெண்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் என்ன சொன்னாள் என்று செய்தியாளர் ஆவலோடு கேட்டார். நான் மொழிபெயர்க்கவில்லை. மரியாதைக் குறைவாக இருக்கும் என்று நினைத்தேன். நீர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

அந்தப் படம்தான் இது.

இதழைப் படித்தவர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு கடிதம் வந்தது, நினைவிருக்கிறதா? என்னைப் போல் ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியை, நடுங்குகிற எழுத்தில், தன் தோட்டத்துப் பூ ஒன்றைக் காயவைத்து ஒட்டி அனுப்பியிருந்தார். நீர் அதை வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, "குடுக்கிற ஆக்களிலை பிழையில்லை ரீச்சர். அவைக்கு நாங்கள் என்ன சொல்லிக் குடுத்தம் எண்டதிலைதான் இருக்கு" என்றீர்.

கொடையைப் பிரித்துக் கொடுக்க ஒரு அமைப்பு வந்தது. கருவாடு காயப்போடக் கொட்டகை, உயரமான வலை மேடைகள், தண்ணீர்த் தாங்கி. கேட்டது கிடைக்கிறதே என்று நான் உச்சிகுளிர்ந்து போனேன். பெயர் பதிகிற வேலையை என்னிடம் தந்தார்கள். படிவத்தில் ஒரு இடத்தில் கணவரின் மரண அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி இணைக்க வேண்டும் என்று இருந்தது. காணாமற்போனவர்களுக்கும் அந்தப் பத்திரம் எடுக்க அப்போது ஒரு வழி செய்திருந்தார்கள். மற்றப் பெண்கள் அழுது அழுது எடுத்துவிட்டார்கள். ஜெசிந்தா மட்டும் மாட்டேன் என்றாள்.

நான் அவளை என் விறாந்தையில் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, பொறுமையாக விளங்கப்படுத்தினேன். எனக்குத்தான் எதற்கும் உதாரணம் சொல்ல வேண்டுமே. "ஒரு பிள்ளை வேறை பள்ளிக்கூடம் போகேக்கை விடுகைப் பத்திரம் எழுதிக் குடுக்கிறம். அதாலை அந்தப் பிள்ளை இல்லாமல் போகுதோ? அது வெறும் தாள். நாளைக்குத் திரும்பி வந்தால் திரும்பச் சேர்ப்பம். மரியதாஸ் வந்தால் பத்திரத்தைக் கிழிச்சுப் போடலாம் பிள்ளை. இப்ப மகளைப் பார்." அவள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கடலையே பார்த்தாள். தேத்தண்ணி ஆறிப்போனது. பிறகு, "நீங்கள் படிச்சனீங்கள். நீங்கள் சொன்னால் சரி ரீச்சர்" என்றாள்.

என் உதாரணங்களில் இவ்வளவு கெட்ட உதாரணத்தை நான் வேறு எப்போதும் சொன்னதில்லை.

கொட்டகை எழும்பியது. திறப்பு விழாவுக்கு நீர் வந்து ஓரமாக நின்றீர். வாசலில் மூன்று மொழியில் பெயர்ப்பலகை. அதில் விதவைகள் என்று இருந்ததைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டீர். ஜெசிந்தா பத்திரம் எடுத்தது உமக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

பிறகு கார்த்திகை வந்தது. எங்கள் கோயிலில் கல்லறைத் திருநாளன்று, பங்கில் இறந்தவர்களின் பெயர்களைப் பூசையில் வாசித்து மன்றாடுவது வழக்கம் என்று உமக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். பட்டியலை ஒவ்வொரு வருடமும் நான்தான் எழுதுவேன், நானே வாசிப்பேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று இளம் வயதில் யாரோ பங்குச் சுவாமி தந்த வேலை. பெயர் கொடுக்க மறந்தவர்களுடையதையும் நானாகவே ஞாபகப்படுத்திச் சேர்த்துவிடுவேன். ஆத்துமத்துக்கு உதவிதானே. அந்த வருடம் எழுதும்போது ஜெசிந்தாவின் படிவம் என் மேசையில் கிடந்தது. மரியதாஸ் பெயரையும் எழுதினேன். அவளுக்குச் சந்தோசமாக இருக்கும் என்று, கடவுள் சாட்சியாக, அப்படித்தான் நினைத்து எழுதினேன்.

வாசித்தேன். பெயருக்குப் பின் பெயர், கோயில் முழுக்க மெழுகுதிரி மணம். மரியதாஸ் என்ற பெயர் என் வாயிலிருந்து வந்ததும் பெண்கள் பக்கத்தில் ஜெசிந்தா எழும்பினாள். முக்காடு தோளில் விழுந்திருந்தது.

"ரீச்சர், அவர் செத்தவர் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

கத்தவில்லை. வகுப்பில் பாடம் விளங்காத பிள்ளை கேட்பதுபோல் கேட்டாள். நான் கையில் தாளோடு நின்றேன். சுவாமி என்னைப் பார்த்தார். அவள் மகளைத் தூக்கிக்கொண்டு நடுப்பாதையால் நடந்து வெளியே போனாள். சேமக்காலையில் எல்லாரும் கல்லறைகளுக்குத் திரி கொளுத்தியபோது அவள் அங்கே வரவில்லை. அவளுக்கு அங்கே கொளுத்த ஒரு கல்லறையும் இல்லை.

அடுத்த நாள் நீர் வந்தீர். உமக்கு எப்படியோ கதை எட்டிவிட்டது. நான் முழுவதையும் சொன்னேன்: படிவம், பத்திரம், விடுகைப் பத்திர உதாரணம், பட்டியல். ஏன் செய்தீர்கள் என்று நீர் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டீர்.

"பேரை எழுத முதல், அவளிட்டைக் கேட்டனீங்களோ, ரீச்சர்?"

நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தேன்.

"சண்டை நேரம் உங்கடை வகுப்பிலை வராமல் போன பிள்ளையளின்ரை பேரை இடாப்பிலை எத்தினை நாள் வைச்சிருந்தனீங்கள்?"

"வருசம் முடியும் மட்டும். அதுக்குப் பிறகும் வெட்டேல்லை."

"ஏன்?"

"வந்தாலும் வருங்கள் எண்டு."

நீர் தலையைக் குனிந்துகொண்டீர். பிறகு, "எங்களையும் இருபது வருசம் ஒரு அகதிப் பட்டியலிலைதான் வைச்சிருந்தவங்கள். ஆர் எழுதினது, ஆர் வாசிக்கிறது எண்டே எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு எழும்பி, நான் ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் போனீர். கோபத்திலும் கோப்பையை வெறுமையாக்கிவிட்டுப் போகிற ஆள் நீர்.

அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் ஏறி இறங்கிய அரசாங்கக் கந்தோர்களை எண்ணிச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் மூச்சு வாங்கும். விசாரணைக்குப் போன இடத்தில் ஜெசிந்தாவிடம், "செத்தவரைத் தேடித்தரச் சொல்லி ஏன் வாறீங்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். என் அறிவுரையின் விலை அது. பத்திரத்தை இரத்துச் செய்யக் கேட்டோம். ஒருக்காப் பதிந்தது பதிந்ததுதான் என்றார்கள். அமைப்பிடம் போனோம். அங்கிருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "அப்ப அம்மா விதவை இல்லை எண்டால் திட்டத்துக்குள்ளை வரமாட்டா" என்றார். ஜெசிந்தா, "அப்ப என்ரை பேரை எடுத்துவிடுங்கோ" என்றாள். அவ்வளவுதான். அன்று பின்னேரமே தன் மீனைக் கொட்டகை மேடையிலிருந்து அள்ளிக்கொண்டு வந்து, பழையபடி மணலில் ஓலைப்பாய் விரித்துக் காயப்போட்டாள். கொட்டகைக்குப் பத்து அடி தள்ளி. மற்றப் பெண்கள், "விசரி, மழை வரப்போகுது" என்று ஏசினார்கள். மழை வந்தது. அவர்களே ஓடிப்போய் அவளுடைய பாய்களை இழுத்துத் தங்கள் மேடைக்குக் கீழே தள்ளினார்கள்.

நீர் அதை எழுதினீர். உம்முடைய எழுத்திலேயே சிறந்தது அது என்று சொல்லுவேன். உம்முடைய பத்திரிகை பாதியை வெட்டி உள்பக்க மூலையில் போட்டது. நான் அதை ஆங்கிலத்தில் ஆக்கி அந்த வெளிநாட்டு இதழுக்கு அனுப்பினேன். பல்லைக் காட்டுகிற பகிடியையும் இந்த முறை விடாமல் மொழிபெயர்த்தேன். மூன்று மாதத்துக்குப் பிறகு பதில் வந்தது. மனதைத் தொடுகிறது, ஆனால் எங்கள் வாசகர்களுக்குக் குழப்பமாக இருக்கும் என்று. நீர் வாசித்துவிட்டுச் சிரித்தீர். "விளங்குதே ரீச்சர்? அழுதால் விளங்குது. மாட்டன் எண்டால் குழப்பமாம்."

நீர் சிரித்த அளவுக்கு என்னால் சிரிக்க முடியவில்லை. இன்றும் முடியவில்லை. ஒரு பெண் படும் பாட்டைக் கேட்க உலகமெல்லாம் காது இருக்கிறது. அவள் வாய் திறந்து ஒரு திருத்தம் சொன்னால் அதைக் கேட்க ஒரு காதும் இல்லை. ஒடுக்குகிறவன் செய்வதும் இதுதானே, உதவுகிறவர்களுமா செய்ய வேண்டும்?

உம்முடைய வருத்தம் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு எல்லாம் விரைவாக முடிந்துவிட்டது. மகரகம ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக ஒரு வருடம். உம்முடைய ஜனாஸாவை அடக்கத்துக்குக் கொண்டுபோன அன்று வாடிப் பெண்கள் ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் பெட்டியில் ஏறி வந்து வீதியோரம் நின்றார்கள். ஜெசிந்தா மீன் வெட்டின கையைக் கழுவக்கூட இல்லை. அதற்குப் பிறகு, செத்தவர் என்றில்லாமல் காணப்படாதவர் என்றே பத்திரம் கொடுக்கிற சட்டம் வந்தது. ஜெசிந்தா முதல் நாளே போய்ப் பழையதைக் கொடுத்து அதற்கு மனு எழுதினாள். மனுவை நான்தான் எழுதினேன், அவள் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லும் கூட்டாமல். அந்தக் கடதாசி கையில் கிடைத்தபோது அதைக் காட்ட நீர் இல்லை.

ஆனால் அந்த அமைப்பு வருடாவருடம் கொடையாளர்களுக்கு அனுப்புகிற இந்தப் புத்தகம் மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு வருடமும் நான் அந்த அமைப்பின் தலைமையகத்துக்கு எழுதுகிறேன். படத்தை எடுங்கள், அல்லது அந்த வரியையாவது திருத்துங்கள் என்று. ஒவ்வொரு வருடமும் நன்றி அட்டை ஒன்று வருகிறது. என்னைக் கொடையாளர் என்று பதிந்துவிட்டார்களோ என்னவோ.

மத்தியானம் ஜெசிந்தா மீன் கொண்டு வந்தாள். புத்தகத்தைக் காட்டினேன். தன் படத்தைப் பார்த்து, "இந்தச் சட்டையை என்ன செய்தனான்? அடுப்புத் துணியாக்கிப் போட்டன் போலை" என்றாள். பிறகு பக்கத்தைப் புரட்டினாள். வேறு ஏதோ நாட்டில், மலைப்பக்கம், ஒரு பெண் தன் நெஞ்சில் ஒரு ஆணின் படத்தைக் குத்திக்கொண்டு நிற்கிறாள். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். விதவை என்றுதான் எழுதியிருந்தது. அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு ஜெசிந்தா கேட்டாள்:

"இவவிட்டையும் பத்திரம் கேட்டவையோ, ரீச்சர்?"

தெரியாது என்றேன். "இந்த முறை கடிதத்திலை அதையும் கேளுங்கோ. என்னைப் பற்றி மட்டும் எழுதாதேங்கோ" என்றாள்.

மேசையில் கல்லறைத் திருநாள் பட்டியல் விரித்துக் கிடந்தது. இப்போதெல்லாம் வீடு வீடாகப் போய்க் கேட்டுத்தான் எழுதுகிறேன். முழங்கால் நோகிறது, ஆனாலும் போகிறேன். ஜெசிந்தா அதை எட்டிப் பார்த்தாள்.

"அவவின்ரை பேரை ஏன் எழுதேல்லை?"

உம்மைத்தான் சொன்னாள்.

"அவ எங்கடை சமயம் இல்லையே பிள்ளை."

"அதுக்கென்ன? அவ செத்தவ எண்டு எங்களுக்குத் தெரியுந்தானே."

பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். உம்முடைய குரல் கேட்டது, மெய்யாகவே கேட்டது. மூடியைப் போட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துத் தாராபுரம் போனேன்.

உம்முடைய மகள் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். விசயத்தைச் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "கோவிக்காதேங்கோ ரீச்சர். உம்மாவுக்கு நாங்கள் துஆ கேக்கிறம். கோயில்லை வாசிக்க வேண்டாம்" என்றாள். சரி மகள் என்றேன். படலை வரைக்கும் கூட வந்தாள். "எழுதிப்போட்டுச் சொல்லாமல், கேக்க வந்தீங்களே" என்று என் கையைப் பிடித்தாள். உம்முடைய கையைப் போலவே, உலர்ந்த, சூடான கை.

திரும்பி வரும்போது ஜெசிந்தா பஸ் தரிப்பில் காத்திருந்தாள்.

"என்ன சொன்னவை?"

"வேண்டாமாம்."

அவள் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

"அப்ப எழுதாதேங்கோ," என்றாள். "கேட்டனீங்கள்தானே."